பூட்டிய பெட்டியும் ஒரு மாத மாத்திரையும்: காப்புரிமை உரிமத்தால் யாருக்கு என்ன லாபம்?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி. 18ஆம் நூற்றாண்டில் அங்கே செம்பும் வெள்ளீயமும் வெட்டி எடுத்தார்கள். ஆழம் போகப் போகச் சுரங்கத்தில் தண்ணீர் ஊறும். இறைக்க நீராவி எந்திரம் வேண்டும், எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். கரிச் செலவே சுரங்க முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது, பழைய நியூகாமன் எந்திரம் எரிப்பதில் பாதிக்கும் குறைவான கரியில் அதே அளவு தண்ணீரை இறைக்கும் எந்திரத்தை ஜேம்ஸ் வாட் கொண்டுவந்தார். 1769இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1775இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை 1800 வரை நீட்டித்தது.

வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் பணம் கேட்ட விதம் புதுமையானது. எந்திரத்தைக் கட்டும் செலவு சுரங்கத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல், "பழைய எந்திரமாக இருந்தால் எவ்வளவு கரி எரிந்திருக்கும், இப்போது எவ்வளவு எரிகிறது என்று கணக்குப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு" என்றார்கள். எந்திரத்தின் பெரிய உத்தரம் ஏற்றத்துத் துலா மாதிரி ஏறி இறங்கும். அதில் ஒரு சிறிய பெட்டியைப் பொருத்தினார்கள். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் உள்ளே ஓர் எண் கூடும். சுரங்கக்காரர்கள் எண்ணை மாற்றிவிடாமல் இருக்கப் பெட்டிக்குப் பூட்டு. போல்டன்-வாட்டின் ஆள் வந்து திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போவார்.

இன்றைக்கு நாம் ராயல்டி என்று சொல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டியைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். ராயல்டியை எப்படி வசூலிக்கிறார்கள், எவ்வளவு வசூலிக்கிறார்கள், அதோடு என்னென்ன நிபந்தனை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு கண்டுபிடிப்பின் பலன் யாருக்குப் போகிறது என்பது மாறும். பொருளாதாரம் படிக்காதவர்களும் பின்தொடரும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். கூட்டலும் பெருக்கலும் போதும்.

காப்புரிமை என்றதும் "இதைச் செய்ய எனக்கு அனுமதி" என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் கொடுப்பது அதுவல்ல. மற்றவர்கள் செய்யாமல் தடுக்கும் உரிமையைத்தான் கொடுக்கிறது. இப்போது பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அந்தத் தடையை ஒருவருக்காகத் தளர்த்துவதுதான் உரிமம், பேச்சுவழக்கில் லைசென்ஸ். "நீ செய்துகொள், நான் வழக்குப் போட மாட்டேன்; பதிலுக்கு இவ்வளவு கொடு" என்பதுதான் அதன் சாரம்.

ரசம் வைக்கும் பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் வீட்டு ரசம் குறைந்துபோவதில்லை. அறிவு அப்படிப்பட்ட சரக்கு. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாத ஒன்றுக்கு வேலி போடுவது, அந்த நேரத்துக் கணக்கில் மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் வேலியே இல்லையென்றால் பத்து வருடம் உழைத்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க யார் பணம் போடுவார்கள்? இந்த இழுபறியைத் தெளிவாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ, 1962இல். வேலியையும் வைத்துக்கொண்டு அதில் ஒரு வாசலும் வைக்கும் முயற்சிதான் உரிமம்.

வாசல் வைத்துவிட்டாலே விலை இறங்கிவிடும் என்று தோன்றும். இறங்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மாத்திரை. செய்ய ஆகும் செலவு 10 ரூபாய். ஊரில் நூறு பேருக்கு அது தேவை. ஒருவரால் 100 ரூபாய் வரை கொடுக்க முடியும், அடுத்தவரால் 99, அதற்கடுத்தவரால் 98 என்று இறங்கிக்கொண்டே போகிறது. காப்புரிமை இல்லை, பலரும் செய்து விற்கிறார்கள் என்றால் போட்டியில் விலை 10 ரூபாய்க்கு வந்து நிற்கும். கிட்டத்தட்ட 90 பேர் வாங்குவார்கள். காப்புரிமை வைத்திருப்பவர் மட்டுமே விற்றால் அவருக்கு எந்த விலை நல்லது? போட்டுப் பார்த்தால் 55 ரூபாய். 45 பேர் வாங்குவார்கள், ஆளுக்கு 45 ரூபாய் லாபம், மொத்தம் 2,025 ரூபாய்.

மீதி 45 பேரைக் கவனியுங்கள். 10 ரூபாய்க்கு மேல் கொடுக்க அவர்கள் எல்லாரும் தயார். செய்யும் செலவைவிட அதிகம் கொடுப்பார்கள். ஆனாலும் 55 கொடுக்க முடியாததால் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பலன், கணக்கில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல், விற்பவர் பையிலும் சேரவில்லை. யாருக்கும் இல்லாமல் ஆவியாகிப் போகிறது. சமூக நலன் குறைகிறது என்று பொருளியலில் சொல்லும்போது முதலில் குறிப்பது இதைத்தான். வாங்குபவர் பணம் விற்பவருக்குப் போவது வேறு விஷயம். அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுவது. இது காணாமலே போவது.

சரி, காப்புரிமைக்காரர் மனசு வைத்து ஐந்து கம்பெனிகளுக்கு உரிமம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைக்கு 45 ரூபாய் ராயல்டி. ஐந்து பேரும் போட்டி போட்டு விலையைச் செலவு வரைக்கும் இறக்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய செலவு இப்போது 10 கூட்டல் 45. விலை அதே 55தான்! ஐந்து கடை திறந்திருக்கிறது, வாங்குபவருக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. ராயல்டியை வைத்தே பழைய விலையை அப்படியே நிறுத்திவிட முடியும். "உரிமம் கொடுத்துவிட்டோம்" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

இன்னும் மோசமாகவும் ஆகலாம். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிமம் கொடுத்து, மாத்திரைக்கு 45 என்று ராயல்டி வைத்தால்? அந்தக் கம்பெனிக்குப் போட்டி இல்லை. 55 ரூபாய் என்பது அதற்கு அடக்க விலை. அதன்மேல் அது தன் லாபத்தை ஏற்றும். விலை 77 ரூபாய் 50 காசுக்குப் போய்விடும். வாங்குபவர்கள் 22, 23 பேராகக் குறைவார்கள். காப்புரிமைக்காரருக்கு 1,012 ரூபாய், கம்பெனிக்கு 506. இரண்டையும் கூட்டினால்கூட முதலில் ஒருவரே சம்பாதித்த 2,025 வரவில்லை. லாபத்தின்மேல் லாபம் ஏற்றினால் எல்லாருக்குமே நஷ்டம். இதைத் தவிர்க்கத்தான் ஒப்பந்தங்களில் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளும் முறை இருக்கிறது. "ஒரு தடவை 1,900 ரூபாய் கொடுத்துவிடு, அப்புறம் எத்தனை மாத்திரை செய்தாலும் உன் பாடு." அப்போது கம்பெனியின் செலவு மாத்திரைக்கு 10தான், விலை 55ஐத் தாண்டாது.

அப்படியானால் எல்லாரும் மொத்தத் தொகையாகவே வாங்கலாமே? நடைமுறையில் பண்டத்துக்கு இவ்வளவு என்ற ராயல்டிதான் நிறையப் பார்க்கிறோம். ஒரு காரணம் நியாயமானது: புதுப் பொருள் விற்குமா விற்காதா என்று யாருக்கும் தெரியாதபோது, விற்ற பிறகு பங்கு கொடு என்பது ஆபத்தைப் பகிர்ந்துகொள்வது. சின்னக் கம்பெனியால் முதலிலேயே பெரிய தொகையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. இன்னொரு காரணம் அவ்வளவு நியாயமானதல்ல. காப்புரிமைக்காரரும் அதே சந்தையில் விற்பவராக இருந்தால், போட்டியாளரின் ஒவ்வொரு பண்டத்தின்மேலும் ராயல்டி ஏற்றுவது போட்டியாளரின் செலவைத் தூக்கி வைப்பதற்கு வசதியான வழி. காசும் வரும், போட்டியும் தணியும்.

விலை இறங்காவிட்டாலும் உரிமத்தால் நன்மை உண்டு. காப்புரிமைக்காரர் 10 ரூபாயில் செய்வதை இன்னொருவர் 4 ரூபாயில் செய்வார் என்றால் அந்த 6 ரூபாய் சமூகத்துக்கு மிச்சம். காப்புரிமைக்காரர் எட்டிக்கூடப் பார்க்காத ஊரில் இன்னொருவர் கடை போட்டால் அங்கே இல்லாத பொருள் கிடைக்கிறது. இவையெல்லாம் நிஜமான லாபங்கள். இவற்றில் எந்த லாபம், எவ்வளவு, யாருக்கு என்று ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

கார்ன்வாலுக்குத் திரும்பலாம். ஆரோ காட்டிய ஒரு விஷயம் உண்டு: செலவைக் குறைக்கும் கண்டுபிடிப்பு என்றால், மிச்சமாகும் முழுவதையும் ராயல்டியாகக் கறந்துவிடலாம். பத்து ரூபாய்ச் செலவை ஆறாக்கினால் நான்கு ரூபாய் ராயல்டி. விலை பத்திலேயே நிற்கும். காப்புரிமை முடியும் வரை வாங்குபவருக்கு ஒரு பைசா பலன் இல்லை. வாட் நான்கையும் கேட்கவில்லை, மூன்றில் ஒரு பங்கைத்தான் கேட்டார். எந்திரம் கட்டும் செலவைச் சுரங்கம்தானே ஏற்கிறது, அவர்களுக்கு ஏதாவது மிஞ்சினால்தான் புது எந்திரத்துக்கு மாறுவார்கள். அதனால் காப்புரிமைக் காலத்திலேயே மிச்சத்தில் பெரிய பகுதி சுரங்கத்துக்குப் போனது. அந்த வகையில் அது நல்ல ஒப்பந்தம். கரி விலை அதிகமான ஊரில் ராயல்டி தானாகவே அதிகம், கரி மலிவான ஊரில் குறைவு. சுரங்க வாயிலிலேயே கரி கிடைக்கும் இடங்களில் நியூகாமன் எந்திரமே போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜொனாதன் ஹார்ன்பிளோவர் என்ற கார்ன்வால் பொறியாளர் இரண்டு உருளைகள் கொண்ட எந்திரம் ஒன்றைச் செய்தார். வாட்டின் காப்புரிமை அதன் வழியை அடைத்தது. 1799இல் ஹார்ன்பிளோவர் குடும்பத்தார் வழக்கில் தோற்றார்கள். காப்புரிமை முடிந்த பிறகு கார்ன்வாலில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1811இலிருந்து சுரங்க எந்திரங்களின் திறனை மாதாமாதம் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார்கள். எந்த எந்திரம் ஒரு மூட்டைக் கரியில் எவ்வளவு இறைத்தது என்பது ஊருக்கே தெரியும். பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் உயர் அழுத்த எந்திரம் வந்தது. திறன் வருடா வருடம் ஏறியது. காப்புரிமை முதல் கண்டுபிடிப்பை ஊக்குவிக்கலாம். அதன்மேல் கட்ட வருகிற அடுத்த கண்டுபிடிப்பை அதுவே தடுக்கவும் செய்யலாம்.

அடுத்தது, பல பேரிடம் காப்புரிமை சிதறிக் கிடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி. இதற்கான கணக்கை 1838இலேயே பிரெஞ்சுக்காரர் ஆகுஸ்தன் கூர்னோ போட்டுவிட்டார். பித்தளை செய்யச் செம்பும் துத்தநாகமும் வேண்டும். இரண்டும் தனித்தனி முற்றுரிமையாளர் கையில் இருந்தால், ஒரே ஆள் இரண்டையும் வைத்திருப்பதைவிட விலை அதிகமாகும் என்று காட்டினார். நம் மாத்திரைக் கணக்கிலேயே பார்க்கலாம். மாத்திரையைச் செய்ய இரண்டு பேரின் காப்புரிமை வேண்டும், இருவரும் கலந்து பேசாமல் அவரவர் ராயல்டியை வைக்கிறார்கள். ஆளுக்கு 30 ரூபாய் என்று முடியும். விலை 70. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 15, விலை 85. எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 10. விலை 90, வாங்குபவர் பத்தே பேர். விலை ஏற ஏற அவர்களின் மொத்த வருமானம் 2,025இலிருந்து 1,800, 1,125, கடைசியில் 800 என்று சரிகிறது. தன் ராயல்டியை ஒரு ரூபாய் ஏற்றும்போது மற்ற ஏழு பேரின் விற்பனையையும் சேர்த்துத்தான் குறைக்கிறோம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதுதான் காரணம். நம் கைபேசிக்குள் இப்படி ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் அடுக்கி இருக்கின்றன. 4ஜி போன்ற பொதுத் தரத்துக்குத் தவிர்க்க முடியாத காப்புரிமைகளை நியாயமான, பாகுபாடற்ற விகிதத்தில் எல்லாருக்கும் தருவோம் என்று வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே உறுதிகொடுப்பது இதனால்தான். எது நியாயம் என்பதில்தான் வழக்குகள் நடக்கின்றன.

இதற்குப் பழைய மருந்து, எல்லாக் காப்புரிமைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து ஒரே ராயல்டியாக வாங்குவது. 1850களில் அமெரிக்காவில் தையல் எந்திரக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு ஓய்ந்துபோனார்கள். முனையில் காதுள்ள ஊசி எலியாஸ் ஹோவிடம், மற்ற பாகங்கள் சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் கம்பெனிகளிடம். 1856இல் நால்வரும் சேர்ந்து ஒரு தொகுப்பை உண்டாக்கினார்கள். எந்திரத்துக்கு 15 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதில் 5 டாலர் ஹோவுக்கு. நம் கணக்கில் அந்த எட்டுப் பேரும் ஒன்றுசேர்ந்தால் விலை 90இலிருந்து 55க்கு இறங்குவது மாதிரி. பிற்காலத்தில் ரயன் லாம்பி, பெட்ரா மோசர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது, தொகுப்பு இருந்த காலத்தில் தையல் எந்திரத்தில் புதுக் காப்புரிமைகள் குறைந்ததையும், 1877இல் அது கலைந்த பிறகு மறுபடி கூடியதையும் கண்டார்கள். விலைக்கு நல்லது, புதுமைக்கு அவ்வளவு நல்லதல்ல.

எல்லாருக்கும் கொடுத்து, குறைவாகக் கேட்டு, நிறையச் சம்பாதித்த கதையும் உண்டு. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையைக் கண்டார்கள். காப்புரிமையைக் கையாண்டது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். ஒருவருக்கு மட்டும் என்று விற்காமல், யார் கேட்டாலும் தருவதென்று முடிவெடுத்தார்கள். ஆரம்பத் தொகை 10,000 டாலர், ஆண்டுக்கு 10,000 டாலர், அப்புறம் விற்பனையில் சிறு பங்கு. வழக்குப் போட்டுக் காப்புரிமையை உடைக்கப் பார்ப்பதைவிடப் பணத்தைக் கட்டிவிடுவதே மலிவு என்று எல்லாரும் நினைக்கும் அளவில் கட்டணம் இருந்தது. 1997இல் காலாவதி ஆவதற்குள் 468 கம்பெனிகள் உரிமம் வாங்கின, 25.5 கோடி டாலர் வந்தது. உயிர்நுட்பத் துறையே அந்த வாசல் வழியாகத்தான் வளர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உரிமத்தைக் காப்புரிமைக்காரர் தர மறுத்தால் என்ன செய்வது?

சோராஃபெனிப், கல்லீரல் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தரும் மருந்து. பேயர் கம்பெனி நெக்ஸாவார் என்ற பெயரில் விற்றது. 2008இல் இந்தியக் காப்புரிமை. ஒரு மாத மருந்து 120 மாத்திரை, விலை 2,80,428 ரூபாய். ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி 2010 டிசம்பரில் பேயரிடம் உரிமம் கேட்டது, கிடைக்கவில்லை. 2011இல் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்கீழ் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தரப்படும் உரிமம், கேட்டு விண்ணப்பித்தது. அந்தப் பிரிவு மூன்று கேள்விகளைக் கேட்கிறது: மக்களின் நியாயமான தேவை நிறைவேறுகிறதா, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா, கண்டுபிடிப்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருக்கிறதா. மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலே போதும். 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் மூன்றுக்குமே இல்லை என்றார். தேவைப்பட்டவர்களில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. நாட்கோ மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு விற்கலாம், 6 சதவீதம் ராயல்டி கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று ஆணை. பேயர் மேல்முறையீட்டுக்குப் போனது. சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 மார்ச்சில் ஆணையை உறுதிசெய்து ராயல்டியை மட்டும் 7 சதவீதமாக ஏற்றியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 ஜூலையில் ஆமோதித்தது. உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் தலையிட மறுத்தது.

எண்களைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 8,880இல் 7 சதவீதம் என்பது 621 ரூபாய் 60 காசு. பேயரின் விலையில் ஒரு நோயாளி ஒரு மாத மருந்து வாங்கினால் வரும் தொகைக்குச் சமமாக ராயல்டி வர வேண்டுமானால், நாட்கோவிடம் சுமார் 451 பேர் வாங்க வேண்டும். பேயர் ஏன் தானாக முன்வந்து உரிமம் தரவில்லை என்பதற்கு இந்த ஓர் எண்ணே பதில். வருமானம் சீராக இறங்கும் ஊராக நம் மாத்திரை ஊரைக் கற்பனை செய்தோம். இந்தியா அப்படியில்லை. உச்சியில் கொஞ்சம் பேர், ஒரு பெரிய பள்ளம், அப்புறம் கீழே கோடிக்கணக்கானவர்கள். இப்படிப்பட்ட நாட்டில் உச்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் விற்பதுதான் லாபம் தரும் விலையாக அமையும். யாருக்கும் கிடைக்காமல் ஆவியாகும் பலன், கற்பனை ஊரில் நூறில் 45 பேருடையது. இங்கே நூறில் 97 பேருக்கு மேல். அதுவும் மாத்திரை கிடைக்காவிட்டால் மாதங்களில் உயிர் போகும் நோய். சமூக நலன் என்ற வறண்ட சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்த வீடுகள்.

இப்படிச் செய்தால் புது மருந்து கண்டுபிடிக்க யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது, ஒதுக்கித் தள்ளக்கூடாது. என் பதில் இது: மருந்துக் கம்பெனிகள் ஆய்வுச் செலவை மீட்பது முக்கியமாகப் பணக்கார நாட்டுச் சந்தைகளில். இந்த உரிமம் இந்தியாவுக்குள் விற்க மட்டும்தான். இங்கே 2 சதவீதம் பேரிடம் வந்த வருமானம் குறைவதால் ஆய்வுக்கூடம் எதுவும் மூடப்படாது. பெரும்பாலும் ஏழை நாடுகளில் இருக்கும் காலா அசார் போன்ற நோய்களுக்கோ, காப்புரிமை எவ்வளவு பலமாக இருந்தாலும் வாங்க ஆளில்லாததால் ஆய்வுக்குப் பணம் வருவதில்லை. அதற்கு வேறு ஏற்பாடுதான் வேண்டும்.

கட்டாயம் என்று ஒன்று இருப்பது விருப்ப ஒப்பந்தங்களையும் மாற்றுகிறது. கல்லீரல் அழற்சி சி வகைக்கான சோஃபோஸ்புவிர் 2013 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். கிலியட் கம்பெனி 2014 செப்டம்பரில் ஏழு இந்திய மருந்து நிறுவனங்களுக்கு, 91 நாடுகளில் விற்க, 7 சதவீத ராயல்டிக்குத் தானாகவே உரிமம் கொடுத்தது. பல நிறுவனங்கள், குறைந்த ராயல்டி. போட்டியில் விலை சரசரவென்று இறங்கியது. ஆனால் பட்டியலுக்கு வெளியே இருந்த நாடுகளில் அந்த மலிவு மருந்தை விற்க அனுமதி இல்லை. சீனாவும் பிரேசிலும் இல்லை, மலேசியாவும் இல்லை. 2017இல் மலேசியா, காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே அரசு தன் தேவைக்குப் பயன்படுத்த வழிசெய்யும் அரசுப் பயன்பாட்டு உரிமத்தைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு கிலியட் மலேசியாவைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. "நீ தராவிட்டால் நானே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்ல முடிந்தவருக்குப் பேரத்தில் கிடைப்பதே வேறு.

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து நிபந்தனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூலப்பொருளை என்னிடம்தான் வாங்க வேண்டும், நீ செய்யும் மேம்பாட்டை எனக்கு மட்டுமே தர வேண்டும், என் காப்புரிமை செல்லாது என்று கோர்ட்டுக்குப் போகக்கூடாது: இப்படிப்பட்ட நிபந்தனைகளை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 140ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்தானது. கொடுக்கவே கூடாத காப்புரிமையை உடைக்க வசதியும் அக்கறையும் உள்ளவர் உரிமம் வாங்கியவர்தான். அவர் வாயைக் கட்டிவிட்டால் விலையைக் கொடுப்பது நாம்.

நெக்ஸாவாருக்குப் பிறகு வந்த விண்ணப்பங்கள் கரைசேரவில்லை. ரத்தப் புற்றுநோய் மருந்தான தாசாட்டினிப்புக்கு 2013இலும் சர்க்கரை நோய் மருந்தான சாக்சாக்ளிப்டினுக்கு 2016இலும் மறுத்துவிட்டார்கள். இரண்டாவதில், மருந்து போதவில்லை என்பதை விண்ணப்பித்தவர் எண்களோடு நிரூபிக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

எண்கள் எங்கே கிடைக்கும்? படிவம் 27 என்று ஒன்று இருக்கிறது. காப்புரிமை வைத்திருப்பவர் அந்தக் கண்டுபிடிப்பை இந்தியாவில் நடைமுறைப்படுத்துகிறாரா, இங்கே செய்கிறாரா, இறக்குமதி செய்கிறாரா என்று காப்புரிமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம். நெக்ஸாவார் வழக்கில் எவ்வளவு மருந்து இந்தியாவுக்குள் வந்தது என்பதற்குக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் பேயரே தாக்கல் செய்திருந்த படிவம் 27ம் ஒன்று. அப்போது அதை ஆண்டுதோறும் தர வேண்டும். 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி, மூன்று நிதியாண்டுகளுக்கு ஒரு முறை தந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அடுத்த நாட்கோ எந்த மருந்துக்காகவாவது படியேறும்போது, கையில் இருக்கும் எண் மூன்று வருடம் பழையதாக இருக்கக்கூடும்.